சர்க்கரை மாத்திரை செய்ய ரோடியம் எதற்கு? விலையுயர்ந்த உலோகத்தை ஓரங்கட்டிய பாக்டீரியா நொதி - முழு விளக்கம்

ஆட்டுக்கறி கொஞ்சம் முற்றலாக இருந்தால், பப்பாளிக்காயை அரைத்துப் பூசி ஊற வைக்கச் சொல்வார்கள் வீட்டில் பெரியவர்கள். அடுப்பில் ஏற்றினால் கறி பஞ்சு மாதிரி வெந்துவிடும். பப்பாளிப் பாலில் இருக்கும் பப்பாயின் என்ற நொதி, கறியின் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டிவிடுவதுதான் காரணம். நொதி என்றால் வேறு ஒன்றுமில்லை, டிடர்ஜென்ட் விளம்பரத்தில் வருமே என்சைம், அதேதான்.

இப்படி ஒரு நொதியை மண்ணில் வாழும் பாக்டீரியாவிடம் இருந்து எடுத்து, 11 சுற்று 'பயிற்சி' கொடுத்து, கோடிக்கணக்கானோர் சாப்பிடும் சர்க்கரை நோய் மாத்திரையைச் செய்ய வைத்தார்கள் விஞ்ஞானிகள். அதுவரை அந்த வேலையைப் பார்த்துவந்தது ரோடியம் என்ற அரிய உலோகம்.

மாத்திரையின் பெயர் சிட்டாகிளிப்டின். தமிழ்நாட்டில் எந்த மருந்துக்கடையில் கேட்டாலும் கிடைக்கும். இதில் ஏன் உலோகம் வந்தது, எப்படிப் போனது, அதனால் நோயாளிக்கு ஏதாவது லாபம் உண்டா? வாங்க பார்க்கலாம்.

வினையூக்கி என்றால் என்ன?

கல்யாணத் தரகரை நினைத்துக்கொள்ளுங்கள். பெண் வீட்டையும் மாப்பிள்ளை வீட்டையும் பேச வைப்பார். தானாக நடக்க வேண்டுமென்றால் பத்து வருஷம் ஆகியிருக்கும் சம்பந்தம், அவர் வந்ததால் பத்து நாளில் முடிந்துவிடும். முடிந்ததும் அவர் அந்தக் குடும்பத்தில் ஒருவராக ஆவதில்லை. குடையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

வேதிவினையில் அந்த வேலையைச் செய்வதுதான் வினையூக்கி. வினையை வேகப்படுத்தும், ஆனால் தான் செலவாகாது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் தொழிற்சாலைகளில் பல காலமாக இந்த வேலையைப் பார்க்கின்றன. உயிரினங்களுக்குள் அதே வேலையைப் பார்க்கும் புரதங்கள்தான் நொதிகள்.

உயிர் இருந்தால்தான் நொதி வேலை செய்யும் என்று 19ஆம் நூற்றாண்டில் பலர் நம்பினார்கள். 1897இல் ஜெர்மனியின் எடுவார்ட் புக்னர் ஈஸ்ட்டை அரைத்து, செல்லே இல்லாத வெறும் சாறாகப் பிழிந்தெடுத்தார். அந்தச் சாறும் சர்க்கரையை நொதிக்க வைத்தது. 1907இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உயிரிலிருந்து பிரித்தெடுத்தாலும் நொதி வேலை செய்யும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. அதைத் தொழிற்சாலைக்குள் கொண்டுபோவதுதான் பெரிய பாடாக இருந்தது.

இடக்கை, வலக்கை பிரச்சினை

உங்கள் இரண்டு கையும் ஒரே மாதிரிதான். ஆனால் வலது காலுக்கான செருப்பு இடது காலுக்குச் சேராது என்பதைப் போல, வலக்கை உறை இடக்கைக்குப் பொருந்தாது. மருந்து மூலக்கூறுகளில் பலவும் இப்படித்தான். ஒரே அணுக்கள், ஒரே வரிசை. ஆனால் ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம்.

சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். கார்வோன் என்று ஒரு மூலக்கூறு இருக்கிறது. அதன் ஒரு கை வடிவம் புதினா வாசம் அடிக்கும். மறு கை வடிவம் சதகுப்பை விதையில் இருப்பது, அதன் வாசமே வேறு. மூக்குக்கே வித்தியாசம் தெரிகிறது என்றால், உடம்புக்குள் இருக்கும் புரதங்களுக்குத் தெரியாமல் போகுமா?

சிட்டாகிளிப்டினுக்கும் சரியான 'கை' ஒன்றுதான். சாதாரண முறையில் செய்தால் இரண்டும் பாதிக்குப் பாதி வந்து நிற்கும். பாதியைக் கொட்ட வேண்டியதுதான். சரியான கையை மட்டும் செய்ய வைக்கும் வினையூக்கியைக் கண்டுபிடித்தவர்களுக்குத்தான் 2001இல் வேதியியல் நோபல் கிடைத்தது. வில்லியம் நோல்ஸ், ரயோஜி நோயோரி, பாரி ஷார்ப்லெஸ் ஆகிய மூவர். இதில் நோல்ஸ், ரோடியத்தை வைத்து பார்க்கின்சன் நோய்க்கான எல்-டோபா மருந்தைச் செய்ய வழி காட்டியவர். சிட்டாகிளிப்டினுக்கு முதலில் பயன்பட்ட ரோடியம் வழியும் அந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

2006: ரோடியம் வழி

அமெரிக்காவின் மெர்க் நிறுவனம் கண்டுபிடித்த சிட்டாகிளிப்டினுக்கு 2006 அக்டோபரில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் கொடுத்தது. ஜனூவியா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

மருந்து வேலை செய்யும் விதமே சுவாரஸ்யமானது. சாப்பிட்டதும் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரந்து, "இன்சுலின் விடு" என்று கணையத்துக்குத் தகவல் சொல்லும். ஆனால் டிபிபி-4 என்ற நொதி சில நிமிடங்களிலேயே அந்த ஹார்மோனை வெட்டிவிடும். சிட்டாகிளிப்டின் அந்த நொதியின் வாயை அடைக்கிறது. ஆக, ஒரு நொதியைத் தடுக்கும் மருந்தைச் செய்வதற்கு இன்னொரு நொதி வந்த கதை இது.

ரோடியம் வழியில் என்ன சிக்கல்? மூலக்கூறில் ஹைட்ரஜனைச் சேர்க்க, சதுர அங்குலத்துக்கு 250 பவுண்டு அழுத்தம் தேவைப்பட்டது. கார் டயரில் அடிக்கும் காற்றைப் போல ஏழெட்டு மடங்கு. ஹைட்ரஜன் எளிதில் தீப்பிடிக்கும் வாயு என்பதால், அந்த அழுத்தத்தைத் தாங்கத் தனிக் கலன்கள் வேண்டும். இவ்வளவு செய்தும் நூறு மூலக்கூறில் ஒன்றிரண்டு தவறான கையாக வந்துவிடும். அதை நீக்க மறுபடி படிகமாக்க வேண்டும். பிறகு ஒட்டியிருக்கும் ரோடியத்தைக் கரித்தூளால் உறிஞ்சி எடுக்க வேண்டும்.

கடைசி வேலையைத் தவிர்க்க முடியாது. வாய்வழி மருந்துகளில் ரோடியம் ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் உடம்புக்குள் போகக்கூடாது என்பது இன்றைய சர்வதேச வரம்பு. ஒரு கிராமைப் பத்தாயிரம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. வாழ்நாள் முழுக்கத் தினமும் போடும் மாத்திரை என்பதால் இந்தக் கணக்கு முக்கியம்.

ரோடியத்தின் விலை இன்னொரு தலைவலி. உலகச் சந்தைக்கு வரும் ரோடியத்தில் பெரும்பங்கு தென் ஆப்பிரிக்காவில் இருந்து வருகிறது. கார்களின் புகை வடிகட்டும் கருவிக்கும் இதுவே தேவை என்பதால் போட்டி அதிகம். 2021 மார்ச்சில் ஒரு அவுன்ஸ் கிட்டத்தட்ட 29,000 டாலருக்குப் போனது. அப்போது தங்கம் 2,000 டாலரைக்கூடத் தொடவில்லை.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். ரோடியம் வழி மோசமான வழி அல்ல. அதற்கு முந்தைய முறையைவிடக் கழிவை வெகுவாகக் குறைத்ததற்காக, 2006இல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருதை வாங்கியதே அந்த வழிதான். விருது வாங்கியதோடு நிற்காமல், அதைவிட நல்ல வழி இருக்கிறதா என்று தேடியதுதான் இந்தக் கதையில் பாராட்ட வேண்டிய இடம்.

நொதியைப் 'பழக்குவது' எப்படி?

இயற்கையில் கிடைக்கும் நொதி, தன் செல்லுக்குத் தேவையான வேலையை மட்டும்தான் செய்யும். தொழிற்சாலையின் சூடும், கரைப்பான்களும், அது பார்த்தே இராத மூலக்கூறுகளும் அதற்கு ஒத்துவராது. அப்போ அதை மாற்ற வேண்டும். எங்கே மாற்றுவது? ஒரு நொதி என்பது நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் கோத்த மாலை. ஒவ்வொரு மணியிலும் 20 வகையில் எது வேண்டுமானாலும் வரலாம். எல்லாச் சேர்க்கையையும் சோதித்துப் பார்க்க உலகத்தின் ஆயுள் போதாது.

இங்கேதான் ஃபிரான்சஸ் அர்னால்ட் வருகிறார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவர் பட்டம் வாங்கியது மெக்கானிக்கல், ஏரோஸ்பேஸ் இன்ஜினியரிங். பிறகு கலிபோர்னியாவின் கால்டெக்கில் பேராசிரியர். நொதியின் ஒவ்வொரு பாகத்தையும் புரிந்துகொண்டு மாற்றலாம் என்று மற்றவர்கள் முயன்றுகொண்டிருந்த காலத்தில், அவர் எடுத்த வழி நம்மூர் விவசாயியின் வழி. வயலில் நன்றாக விளைந்த கதிரை மட்டும் தனியாக எடுத்து விதைநெல்லாக வைப்பார்கள் அல்லவா? அடுத்த போகத்திலும் அதே வேலை. நெல்லின் மரபணு பற்றி ஒன்றும் தெரியாமலேயே நல்ல ரகம் வந்துவிடும்.

அர்னால்ட் செய்ததும் அதுதான். நொதிக்கான மரபணுவில் சும்மா தற்போக்காகச் சில பிழைகளை உண்டாக்குவது. ஒவ்வொரு பிழை வடிவத்தையும் ஒரு பாக்டீரியாவுக்குள் வைத்து நொதியைச் செய்ய வைப்பது. எது நன்றாக வேலை செய்கிறது என்று சோதித்து, அதை மட்டும் அடுத்த சுற்றுக்கு அனுப்புவது. இதற்கு 'இயக்கப்பட்ட பரிணாமம்' என்று பெயர்.

1993இல் அவர் வெளியிட்ட முடிவு கண்ணைத் திறந்தது. எடுத்துக்கொண்டது சப்டிலிசின் என்ற நொதி. டிடர்ஜென்ட்டில் கறை எடுக்கப் போடும் நொதியும் இந்தக் குடும்பம்தான். (பட்டுப் புடவையை என்சைம் டிடர்ஜென்ட்டில் ஊற வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். பட்டும் ஒரு புரதம், நொதிக்குக் கறை எது புடவை எது என்று தெரியாது.) இதை 60 சதவீதம் டைமெத்தில்ஃபார்மமைடு கலந்த திரவத்தில் போட்டால் சாதாரணமாகப் படுத்துவிடும். சில சுற்றுகள் கழித்து வந்த வடிவம், அதே திரவத்தில் மூல நொதியைவிட 256 மடங்கு வேகமாக வேலை செய்தது.

அடுத்த வருடமே வில்லெம் ஸ்டெம்மர், பல மரபணுக்களை வெட்டிக் கலைத்துச் சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தார். சீட்டுக்கட்டைக் கலைப்பது மாதிரி. அவர் பங்கெடுத்துத் தொடங்கிய மேக்சிஜென் நிறுவனத்தில் இருந்து பிரிந்து வந்ததுதான் கோடெக்சிஸ். சிட்டாகிளிப்டினுக்காக மெர்க் கைகோத்தது இந்த கோடெக்சிஸோடுதான். ஸ்டெம்மர் 2013இல் இறந்துவிட்டார். அர்னால்டுக்கு 2018இல் வேதியியல் நோபலில் பாதிப் பரிசு கிடைத்தது.

பூஜ்ஜியத்தில் இருந்து 11 சுற்று

மெர்க்கும் கோடெக்சிஸும் தேர்ந்தெடுத்தது ஆர்த்ரோபாக்டர் என்ற மண் பாக்டீரியா வகையின் டிரான்ஸ்அமினேஸ் நொதி. ஒரு மூலக்கூறில் இருந்து அமினோ தொகுதியைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது இதன் தொழில். அதுவும் சரியான 'கை'யில் மாட்டும். சிட்டாகிளிப்டினுக்கு வேண்டியதும் அதுவே.

ஆனால் முதல் சோதனையில் கிடைத்த பலன் பூஜ்ஜியம். நொதியின் உள்ளே வினை நடக்கும் இடத்தில் இரண்டு குழிகள் உண்டு, ஒன்று பெரியது, ஒன்று சின்னது. இயற்கை நொதியின் சின்னக் குழியில் மிகச் சிறிய தொகுதிதான் நுழையும். சிட்டாகிளிப்டினின் மூலப்பொருளோ இரண்டு பக்கமும் பருமனானது. ஆட்டோவில் பீரோவை ஏற்றப் பார்ப்பது மாதிரி.

பூஜ்ஜியமாக இருந்தால் ஒரு பெரிய சிக்கல். விதைநெல் முறை வேலை செய்ய, ஒரு கதிராவது விளைந்திருக்க வேண்டும். எதுவுமே விளையாத வயலில் எதைப் பொறுக்குவது?

அதனால் குறுக்குவழி ஒன்று பிடித்தார்கள். முழு மூலக்கூறைக் கொடுக்காமல், ஒரு பக்கத்தை நறுக்கிய சிறிய வடிவத்தை முதலில் கொடுத்தார்கள். அதில் நொதிக்குக் கொஞ்சம் வேலை தெரிந்தது. அதை வைத்துப் பெரிய குழியைச் சீராக்கினார்கள். அடுத்து, கணினியில் நொதியின் மாதிரியை வைத்து எந்த அமினோ அமிலங்கள் இடிக்கின்றன என்று பார்த்து, சின்னக் குழியை அகலமாக்கினார்கள். குழந்தைக்கு முதலில் கஞ்சி, பிறகு குழைந்த சோறு, அப்புறம்தான் முழுச் சாப்பாடு என்ற கணக்கு.

அப்படி முழு மூலக்கூறை முதன்முதலாக ஏற்றுக்கொண்ட நொதியின் சாதனை என்ன தெரியுமா? லிட்டருக்கு 2 கிராம் மூலப்பொருளுக்கு 10 கிராம் நொதியைக் கொட்டியும், மாறியது வெறும் 0.7 சதவீதம். தொழிற்சாலைக் கண்ணில் இது குப்பை. ஆராய்ச்சிக் குழுவுக்கு அதுதான் விதைநெல்.

அங்கிருந்து சுற்று சுற்றாகச் சூட்டையும் கரைப்பானையும் மூலப்பொருள் அளவையும் கூட்டிக்கொண்டே போனார்கள். தாக்குப்பிடித்தது மட்டும் அடுத்த சுற்றுக்கு. 11 சுற்று முடிந்தபோது நொதியில் 27 இடங்கள் மாறியிருந்தன. வேலைத்திறன் 25,000 மடங்கு கூடியிருந்தது. இப்போது லிட்டருக்கு 200 கிராம் மூலப்பொருளுக்கு 6 கிராம் நொதி போதும். பாதிக்குப் பாதி டைமெத்தில் சல்ஃபாக்சைடு கலந்த திரவத்தில், கோடை வெயில் அளவுச் சூட்டில் வேலை நடந்தது. 92 சதவீதம் சிட்டாகிளிப்டினாகக் கிடைத்தது. தவறான கை? 4,000 மூலக்கூறில் ஒன்றுக்கும் குறைவு. 2010இல் இந்த முடிவு 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது, அதே வருடம் பசுமை வேதியியல் விருதும் வந்தது.

மிச்சமானது எவ்வளவு?

ரோடியம் வழியோடு ஒப்பிட்டால் மொத்த விளைச்சல் 10 முதல் 13 சதவீதம் கூடியது. அதே கலனில் ஒரு நாளில் எடுக்கும் அளவு 53 சதவீதம் கூடியது. மொத்தக் கழிவு 19 சதவீதம் குறைந்தது. கன உலோகம் முற்றிலும் போனது, அதிக அழுத்த ஹைட்ரஜன் கலனும் தேவையில்லை. பக்கவிளைபொருளாக வருவது அசிட்டோன், நகப்பூச்சு அழிக்கும் அதே திரவம்.

19 சதவீதம் என்பது கேட்க அவ்வளவு பெரிதாகத் தெரியாது. ஏற்கெனவே விருது வாங்கிய வழியில் இருந்து மேலும் 19 சதவீதம் என்பதை மறக்கக் கூடாது.

அப்போ மாத்திரை விலை இதனால்தான் குறைந்ததா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியாவில் சிட்டாகிளிப்டின் விலை சரிந்தது 2022 ஜூலையில், காப்புரிமை காலாவதியான பிறகு. பல இந்திய நிறுவனங்கள் ஒரே நேரத்தில் களமிறங்கின. 2022 செப்டம்பரில் மக்கள் மருந்தகங்களில் 50 மில்லிகிராம் மாத்திரை பத்து 60 ரூபாய்க்கும், 100 மில்லிகிராம் பத்து 100 ரூபாய்க்கும் அறிமுகமானது. அப்போது பிராண்டட் மாத்திரைகளின் விலை 162 முதல் 258 ரூபாய் வரை இருந்தது.

நொதி வந்தது 2010இல். விலை விழுந்தது 2022இல். நடுவில் இருந்த 12 வருடங்களில், தயாரிப்பு மேம்பட்டாலும் விலையைத் தீர்மானித்தது காப்புரிமைதான். தயாரிப்புச் செலவு குறைந்தால் லாபம் முதலில் போய்ச் சேருவது நிறுவனத்துக்கு. நோயாளிக்கு அது வர, போட்டி வேண்டும்.

நீங்கள் வாங்கும் மாத்திரை எந்த வழியில் செய்யப்பட்டது என்று அட்டையில் இருக்காது. எந்த வழியில் வந்தாலும் உள்ளே இருப்பது ஒரே மூலக்கூறுதான். உலோக வரம்பும் எல்லோருக்கும் ஒன்றே. எனவே இதை வைத்து பிராண்டை மாற்றவோ மாத்திரையை நிறுத்தவோ தேவையில்லை.

நொதி எல்லாவற்றுக்கும் தீர்வா?

அதுவும் இல்லை. 2022 ஆகஸ்டில் சிட்டாகிளிப்டின் மாத்திரைகள் சிலவற்றில் என்டிடிபி என்ற நைட்ரோசமைன் மாசு இருப்பதாக எஃப்டிஏ அறிவித்தது. நைட்ரோசமைன் வகையில் சில புற்றுநோய் அபாயம் உள்ளவை. இது மூலக்கூறின் வேறொரு பகுதி சம்பந்தப்பட்ட விவகாரம். உலோகத்தை எடுத்துவிட்டதால் தீர்ந்துவிடும் பிரச்சினை அல்ல. மருந்துத் தட்டுப்பாடு வரக்கூடாது என்று தற்காலிகமாக ஒரு வரம்பை நிர்ணயித்த எஃப்டிஏ, டாக்டரைக் கேட்காமல் யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னது.

ஆராய்ச்சியிலும் சறுக்கல் உண்டு. 2020 ஜனவரியில் அர்னால்டே தன் குழுவின் ஒரு கட்டுரையைத் திரும்பப் பெற்றார். நொதியை வைத்து பீட்டா-லாக்டம் மூலக்கூறுகளைச் செய்தது பற்றிய கட்டுரை அது. மறுபடி செய்து பார்த்தபோது முடிவு வரவில்லை, ஆய்வக நோட்டில் பதிவுகளும் விடுபட்டிருந்தன. நோபல் வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகாத நிலையில், தன் பொறுப்பை ஒழுங்காகச் செய்யவில்லை என்று ட்விட்டரில் அவரே வெளிப்படையாக எழுதி மன்னிப்புக் கேட்டார்.

உலோகமும் இல்லாமல், நொதியும் இல்லாமல், சின்னக் கரிம மூலக்கூறுகளையே வினையூக்கியாக வைக்கும் மூன்றாவது வழியும் இருக்கிறது. அதற்காக பெஞ்சமின் லிஸ்ட், டேவிட் மேக்மில்லன் இருவரும் 2021இல் நோபல் வாங்கினார்கள். எந்த மருந்துக்கு எது சரிப்படும் என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து என்ன?

நொதிகள் மருந்துத் தொழிற்சாலைக்குப் புதியவை அல்ல. அமாக்சிசிலின் செய்யத் தேவைப்படும் 6-ஏபிஏ என்ற மூலப்பொருளை, ஒரு காலத்தில் மைனஸ் 40 டிகிரி குளிரில் கடுமையான ரசாயனங்களை வைத்து எடுத்தார்கள். இன்று பென்சிலின் அசைலேஸ் என்ற நொதி, நம் உடம்புச் சூட்டில், தண்ணீரில் அதைச் செய்துவிடுகிறது.

புதியது என்னவென்றால், ஒரு படிக்கு ஒரு நொதி என்பது போய், நொதிகளை வரிசையாகக் கோத்துவிடுகிறார்கள். 2019இல் மெர்க் குழு, எச்ஐவிக்கான இஸ்லாட்ராவிர் என்ற சோதனை மருந்தை 9 நொதிகளைக் கொண்டு செய்து காட்டியது. அதில் 5 நொதிகள் இதே மாதிரி பழக்கப்பட்டவை. நடுவில் எதையும் பிரித்தெடுக்காமல் தண்ணீரிலேயே வேலை முடிந்தது, பழைய வழிகளின் படிகளில் பாதிகூட ஆகவில்லை.

தயாரிப்பு முறை ஜெயித்துவிட்டது. மருந்துதான் மாட்டிக்கொண்டது. மருத்துவச் சோதனையில் சிலருக்கு லிம்போசைட் வகை வெள்ளை அணுக்கள் குறைந்ததால், 2021 டிசம்பரில் எஃப்டிஏ அந்தச் சோதனைகளை நிறுத்தி வைத்தது. பிறகு குறைந்த டோஸில் மறுபடி தொடங்கியது.